மருத்துவ ஆர்க்கிட்கள் தண்டில் கூட்டுச் சர்க்கரையை எப்படிச் சேர்க்கின்றன, ஏன் தண்டில்?

'ஏன் தண்டில்' என்பதை முதலில் பார்த்துவிடலாம். சீன மருத்துவத்தில் பெயர்பெற்ற டென்ட்ரோபியம் அஃபிசினேல், மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வாழும் ஆர்க்கிட் செடி. மழை நின்றால் வேருக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் தண்ணீர், உணவு இரண்டையும் தடித்த தண்டிலேயே வைத்துக்கொள்கிறது. வறட்சி வந்தால் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் முறைக்கும் மாறிவிடும்.

இலை தயாரிக்கும் சர்க்கரை, சுக்ரோஸாக, உணவைக் கடத்தும் ஃபுளோயம் என்ற திசு வழியே தண்டுக்கு வருகிறது. அங்கே நொதிகள் அதைக் குளூக்கோஸ் பகுதியாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கின்றன. ஃபிரக்டோஸில் பாஸ்பேட் ஏறி, அது மானோஸ் (குளூக்கோஸைப் போன்ற இன்னொரு எளிய சர்க்கரை) பாஸ்பேட்டாக உருமாறி, கடைசியில் ஜிடிபி-மானோஸ் ஆகிறது. இது ஆற்றல் ஏற்றப்பட்ட மானோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிபி-குளூக்கோஸும் இப்படித் தயாராகிறது. அப்புறம் செல்லுக்குள் இருக்கும் கோல்கை உறுப்புகளில், சிஎஸ்எல்ஏ என்ற நொதிகள் இவ்விரண்டையும் மணிச்சரம் கோப்பதுபோல நீளமாகக் கோக்கின்றன. அந்தச் சரம்தான் குளூக்கோமேனன், இந்தத் தண்டின் முக்கியக் கூட்டுச் சர்க்கரை. இதில் பெரும்பாலும் மானோஸ் அதிகம், குளூக்கோஸ் குறைவு. ஆங்காங்கே அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதிகளும் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கிவிட்டால் சரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். நீரில் கரைவது குறைந்துவிடும்.

சரி, வந்த சுக்ரோஸை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கான விடைதான். சிறு சர்க்கரை மூலக்கூறுகள் ஏராளமாகச் சேர்ந்தால் செல்லின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது நீரை உள்ளே இழுக்கும் விசை, எக்கச்சக்கமாக ஏறும். அந்த அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. ஆயிரம் சர்க்கரைகளை ஒரே சரமாக்கினால் எண்ணிக்கை ஒன்றுதான். மாவுச்சத்தும் இதே வேலையைச் செய்கிறது, இந்தத் தண்டிலும் அது உண்டு. ஆனால் மாவுச்சத்து உலர்ந்த மணிகளாகக் கிடக்கும். குளூக்கோமேனனோ நீரைப் பிடித்துக்கொண்டு கொழகொழப்பாக இருக்கும். உணவுக் கையிருப்பும் நீர்க் கையிருப்பும் ஒரே பொருளில் அமைந்துவிடுகின்றன. தண்டை மென்றால் இனிப்பைவிட வழவழப்பு முதலில் தெரிவது இதனால்தான்.

புதுத் தளிரும் பூவும் வரும்போது செடி இந்தச் சேமிப்பில்தான் கை வைக்கும். ஆகவே அறுவடைக் காலம் மிக முக்கியம். சீன மருந்துநூல் நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது பூக்கும் பருவத்துக்கு முன், அறுவடை செய்யச் சொல்கிறது. காய்ந்த தண்டில் கூட்டுச் சர்க்கரை 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், மானோஸ் 13 முதல் 38 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. மானோஸைத் தனியாக அளப்பது நல்ல ஏற்பாடு. மாவுச்சத்தை உடைத்தால் குளூக்கோஸ் மட்டுமே வரும், மானோஸ் வராது. தூளில் வெறும் மாவைக் கலந்து மொத்த அளவை உயர்த்தினாலும் இந்தச் சோதனையில் பிடிபட வாய்ப்பு உண்டு.