ஆம்ஸ்டர்டாமில் வழிகாட்டியோடு சைக்கிள் சுற்றுலா: பல வருடமாகச் சைக்கிள் தொடாதவர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஊர் முழுக்கச் சமதரை, கால்வாய்ப் பாலங்களில் மட்டும்தான் ஏற்றம். சிரமமெல்லாம் நிறுத்துவதிலும் கிளம்புவதிலும்தான்.

அங்கே வாடகைக்குத் தரும் வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்குக் கால் பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். நம் ஊரில் சிக்னலில் நின்றதும் பெடலைப் பின்னால் சுழற்றி, மிதிக்க வாகாக மேலே கொண்டுவருவோமே, அது இதில் முடியாது. பெடல் இரண்டும் தரைக்கு இணையாக வரும்போது பிரேக் பிடியுங்கள். முன்னால் இருக்கும் பெடலை மிதித்தே கிளம்பிவிடலாம். தவறிப்போனால், சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை முன்பக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். செயின் கழன்றால் கால் பிரேக்கும் போய்விடும். அதனால் முன்சக்கரத்துக்குக் கை பிரேக் உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு முன்பாதமும் தரையில் படும் அளவுக்குச் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் அங்கேயே பத்துத் தடவை நிறுத்திக் கிளம்பிப் பழகினால் போதும்.

அடுத்தது டிராம் தண்டவாளம். அதன் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டில்பார் திரும்பாது, ஆள் பக்கவாட்டில் விழுவார். கூடியவரை குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். மழையில் இரும்பு வழுக்கும். தண்டவாளத்தின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், வண்டியையும் திருப்பாதீர்கள்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நாம் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். திரும்பும் முன் அந்தப் பக்கக் கையை நீட்டிக் காட்டுங்கள். தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர் உங்களைப் பார்த்திருந்தால் வழி விட வேண்டியவர் நீங்கள். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு முதல் உரிமை. டிராமுக்கு எப்போதும் வழி விட்டுவிடுங்கள். ஓட்டும்போது கையில் ஃபோன் வைத்திருந்தால் அபராதம்; 2019 ஜூலை முதல் அது சட்டம். படம் எடுக்க வேண்டுமானால் பாதையை விட்டு வலப்பக்கம் முழுதாக ஒதுங்கி நில்லுங்கள். பாதை நடுவே திடீரென்று நிற்பவர் மேல்தான் பின்னால் வருபவர் மோதுவார்.

வழிகாட்டி பச்சையில் போய்விட்டார், உங்களுக்குச் சிவப்பு விழுந்துவிட்டது என்றால் நின்றுவிடுங்கள். அவர் அந்தப் பக்கம் காத்திருப்பார். பின்தங்கிவிடுவோம் என்ற பதற்றத்தில் சிவப்பில் பாய்வதுதான் ஆபத்து.

அந்த ஊரின் செந்நிறச் சைக்கிள் பாதைகள் சும்மா வந்துவிடவில்லை. 1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

வழித்தடத்தில் இரண்டு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தை ஊடுருவிச் செல்லும், வளைவுக் கூரையுள்ள பாதை. கட்டடத்தின் நடுவே சைக்கிளிலேயே போகலாம். இன்னொன்று, சென்ட்ரல் ஸ்டேஷன் பின்புறம் ஐ (IJ) என்னும் நீர்ப்பரப்பைக் கடக்கும் படகு. கட்டணம் கிடையாது, சைக்கிளோடு ஏறலாம். படகில் ஸ்டாண்டை நம்பி வண்டியை விட்டுவிடாமல் கடைசிவரை கையில் பிடித்தபடியே நில்லுங்கள். கரையில் முட்டும்போது குலுக்கும்.