தெய்வத்திடம் ஒரு மனு

வணக்கம் சார்,

சென்ற மாதம் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் உள்ள பிங்யாவ் போயிருந்தேன். பழைய மதில் மேல் நடந்தது மறக்க முடியாதது. ஆனால் அங்குள்ள செங்ஹுவாங் கோயில், அதாவது நகர தெய்வத்தின் கோயில், ஏமாற்றிவிட்டது. உள்ளே போகச் சீட்டு, பளபளக்கும் புதுச் சிலைகள், அதே வளாகத்தில் செல்வ தெய்வத்துக்கு வேறு தனிக் கோயில். பக்தி என்று ஒன்று அங்கே இருக்கிறதா? சீன நாட்டார் வழிபாட்டைப் பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

மனிதர்கள் தெய்வத்திடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. படிப்பதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சீட்டு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். சிலை புதிது என்பதெல்லாம் ஒரு குறையா? அந்தக் கோயிலே 19ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்து எரிந்து, திரும்பக் கட்டியதுதான். ஊர் ஊராகப் பணம் அனுப்ப உண்டியல் சீட்டு எழுதிக்கொடுத்த ரிஷெங்சாங் நிறுவனம் பிறந்த ஊர் பிங்யாவ். அங்கே செல்வ தெய்வம் இல்லாவிட்டால்தான் கேட்க வேண்டும்.

பக்தி இருக்கிறதா என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கண்ணீர் விட்டால்தான் பக்தி என்று முடிவு கட்டிக்கொண்டு போனால் அந்தக் கோயிலில் உங்களுக்கு ஒன்றும் தென்படாது. செங்ஹுவாங் ஒரு அதிகாரி. உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதிகாரி. ஆதியில் மதிலையும் அகழியையும் காத்த தெய்வம். பிற்பாடு, செத்துப்போன நல்ல மனிதர்களை அந்தப் பதவியில் உட்கார வைத்தார்கள். ஷாங்காய் நகரின் செங்ஹுவாங், 1373இல் இறந்த ச்சின் யூபோ என்ற அறிஞர். மிங் வம்சத்து முதல் பேரரசர் ஜூ யுவான்ஜாங்தான் அவரை நியமித்தார் என்பார்கள். இதே பேரரசர் 1369இல் நகர தெய்வங்களுக்குத் தரவாரியாகப் பட்டம் கொடுத்தார். மறுவருஷமே பட்டங்களைப் பிடுங்கிக்கொண்டு, கோயில்களை அந்தந்த ஊர் அரசு அலுவலகத்தின் அளவுக்கே கட்டச் சொன்னார். நீங்கள் நடந்த மதிலும் அந்த 1370இல் எழுந்ததுதான்.

பிங்யாவ் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்குப் பெருந்தெருவுக்குக் கிழக்கே கோயில், மேற்கே யாமென் எனப்படும் பழைய அரசு அலுவலகம். உயிரோடிருப்பவர்களின் வழக்கு மேற்கே, மற்றவர்களுடையது கிழக்கே. அந்தக் காலத்தில் புதிதாக வரும் அதிகாரி பொறுப்பேற்கும் முன் செங்ஹுவாங் முன்னால் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மழை பொய்த்தால் அதே அதிகாரி, தெய்வத்தின் சிலையைத் தூக்கிவந்து வெயிலில் வைத்ததும் உண்டு. நீயும் காய்ந்து பார் என்றுதான். இதில் பக்தி குறைவு என்பீர்களா?

நான் போயிருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும், கையில் காய்கறிப் பை. ஊதுபத்தி ஏற்றியதும் பேச ஆரம்பித்தார், கிட்டத்தட்ட அதட்டல் குரலில். உடன் வந்த நண்பர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் பெயர், அப்புறம் தெரு, வீட்டு எண். பிறகு விஷயம். கொழுந்தன் சுவரை இவர் முற்றத்துக்குள் தள்ளிக் கட்டிவிட்டானாம். போன வருஷமும் வந்து சொன்னேனே, என்ன ஆச்சு என்று கேட்டார். கடைசியில் கைபேசியை எடுத்து, அந்தச் சுவரின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, தெய்வத்துக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். படத்தில் ஈரச் சிமெண்ட் கூடத் தெரிந்தது.

நம்பாதவர் யாரும் முகவரி சொல்ல மாட்டார், ம. நீங்கள் சிலையின் வர்ணத்தைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தீர்களா? பின்கட்டுக்காவது போனீர்களா? அங்கே செங்ஹுவாங்குக்கும் அவர் மனைவிக்கும் தனியாகப் படுக்கையறை இருக்கிறது. யாமெனிலும் அதே ஏற்பாடுதான், முன்னால் அலுவலகம், பின்னால் குடித்தனம்.

இத்தனை கூர்மையாகக் குறிப்பெடுத்திருக்கிறீர்கள், சீட்டு முதல் செல்வ தெய்வம் வரை. அந்தக் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். படிக்க வேண்டுமென்றால் மிங் காலத்து நிர்வாகத்திலிருந்து தொடங்குங்கள், வரி, வழக்கு, நில எல்லை என்று. மதத்தைப் பற்றிய புத்தகங்கள் அதற்கப்புறம். பயணக் கட்டுரையை எழுதியதும் அனுப்புங்கள். ‘ஆன்மிக அதிர்வு’ என்று எங்காவது இருந்தால் மட்டும் படிக்க மாட்டேன்.