கம்பெனிகள் வீடு வாங்குவதைத் தடுக்க மலேசியாவில் சட்டம் உண்டா?

சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு தேடும் தம்பி, அமெரிக்காவில் தடை கேட்கிறார்களே, இங்கே எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே 2023 டிசம்பரில் செனட்டர் ஜெஃப் மெர்க்லியும் கீழவை உறுப்பினர் ஆடம் ஸ்மித்தும் கொண்டுவந்த மசோதா, ஹெட்ஜ் ஃபண்டுகள் (பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிறுவனங்கள்) தங்களிடம் உள்ள தனி வீடுகளை 10 ஆண்டுகளில் விற்கச் சொன்னது, சட்டமாகவில்லை.

கம்பெனி வீடு என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும். அப்பா வேலையை விட்டதும் தோட்டக் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுச் சாவியைக் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கொடுத்துவிட்டு, காய்த்துத் தொங்கிய முருங்கையையும் விட்டுத்தான் வந்தோம். சரி, சட்டத்துக்கு வருவோம்.

வெளிநாட்டுக் கம்பெனி என்றால் தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவுப்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். உள்ளூர்க் கம்பெனிக்கு வரியில்தான் பிடி, அதுவும் தளர்வான பிடி: வாங்கிய வீட்டை ஆறாம் ஆண்டில் விற்றாலும் லாபத்தில் 10 விழுக்காடு வரி கட்டவேண்டும், ஆறாம் ஆண்டில் விற்கும் குடிமக்களுக்கோ 2022 முதல் அந்த வரி கிடையாது.