அழைப்பிதழில் சுற்றம், நாற்காலியில் ஒற்றைப் பெயர்

கேள்வி: அடுத்த மாதம் என் மகளின் திருமண வரவேற்பு. ஹோட்டல் ஹாலில் பத்துப் பேர் உட்காரும் வட்ட மேஜைகள் 60 போடுகிறார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் விருந்தினரின் பெயர் எழுதிய அட்டை வைக்க வேண்டும் என்கிறாள் மகள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. மேடைக்கு முன்னால் என் கணவரின் ஆபீஸ் ஜெனரல் மேனேஜர், அடுத்து சம்பந்தி வீட்டார், அப்புறம் நண்பர்கள், கடைசியில் கணவரின் கிராமத்து ஆட்கள் என்று பட்டியல் போட்டேன். பட்டியலைப் பார்த்ததிலிருந்து கணவர் என்னோடு பேசுவதில்லை. இது இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுதானே?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, கோவை)

பதில்: பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் அழைப்பிதழை எடுத்துப் படியுங்கள். நீங்கள் அனுப்பி வைக்காவிட்டாலும் அதில் என்ன அச்சாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.' சுற்றத்தையும் கூட்டி வா, நட்பையும் கூட்டி வா என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டீர்கள். அதை நம்பி ஒருவர் மனைவி, மகன், மகனோடு தங்கிப் படிக்கும் பையன் என்று நாலு பேராக வந்து நிற்கிறார். நாற்காலியில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. மற்ற மூன்று பேர் எங்கே உட்காருவார்கள்?

பெயர் அட்டை புழங்கும் ஊர்களில் அட்டைக்கு முன்னால் ஒரு வேலை முடிந்திருக்கும். அழைப்போடு பதில் சீட்டும் போகும். வருகிறேன், இத்தனை பேர் வருகிறோம் என்று குறித்த தேதிக்குள் சொன்னவருக்குத்தான் நாற்காலி. சிங்கப்பூர், மலேசியாவில் நம்மவர்களே ஹோட்டல் விருந்துக்கு மேஜைக்குப் பத்துப் பேர் என்று கணக்கு வைத்துத்தான் அழைக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். நம் ரிசப்ஷனுக்கு 6.30 மணி என்று போட்டிருந்தால் ஏழரைக்குக் கூட்டம் சேரும். மணப்பெண் மேக்கப் முடிந்து மேடைக்கு வர எட்டாகும். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இன்னொருவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார். மண்டபத்து டைனிங் ஹாலில் 200 இலை போட்டால் மூன்று பந்தியில் 600 பேர் சாப்பிட்டுவிடுவார்கள். நாற்காலிக்குப் பெயர் வைத்த நிமிடம் அந்தக் கணக்கு படுத்துவிடும். 600 பேருக்கு 600 நாற்காலி வேண்டும், வராதவர் நாற்காலி கடைசி வரை காலியாக இருக்கும்.

வட்ட மேஜை என்கிறீர்களே, விட்டம் என்ன என்று ஹோட்டலில் கேட்டீர்களா? ஐந்தடி மேஜையின் சுற்றளவு பதினைந்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 19 அங்குலம்கூட முழுதாகத் தேறாது. எட்டுப் பேர் என்றால் முழங்கை இடிக்காது. பத்துப் பேர்தான் வேண்டும் என்றால் ஆறடி மேஜை கேளுங்கள். வாழையிலை போடுவதாக இருந்தால் அதுவும் உதவாது. பந்தியில் ஒரு பக்கம்தான் ஆட்கள் உட்காருவார்கள். பரிமாறுபவர் எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார். வட்ட மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஏது? பட்டுப்புடவைத் தோளுக்கு மேலாக ரசவாளி வரும். வட்ட மேஜை என்றால் தட்டு, தட்டென்றால் பெரும்பாலும் பஃபே, பஃபே என்றால் எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பார்கள். எழுந்து போகிறவருக்கு நாற்காலியில் பெயர் இருந்து என்ன, இல்லாமல் என்ன?

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு ரிசப்ஷனில் வாசலில் இருந்த பலகையில் என் பெயரைத் தேடினேன். இன்ஷியலின் கீழ் இல்லை, பெயரின் முதல் எழுத்தின் கீழும் இல்லை. கடைசியில் என் மனைவி பெயருக்குப் பக்கத்தில் 'திரு.' என்று மட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடித்துப் போனால் அந்த நாற்காலியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வருமா? இன்னொரு சங்கடமும் உண்டு. நம் வீடுகளில் பாதிப் பேரை ஊரையும் உறவையும் வைத்துத்தான் தெரியும். பல்லடத்து அத்தை, பேங்க் மாமா, பெரிய வீட்டுப் பாட்டி. பல்லடத்து அத்தையின் பெயர் உங்கள் மகளுக்குத் தெரியுமா? 'அத்தை' என்று அட்டை எழுதினால் பதினொரு பேர் வந்து உட்காருவார்கள்.

சரி, மகளின் ஆசையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அட்டையை நாற்காலிக்கு வைக்காமல் மேஜைக்கு வையுங்கள். எண் போதும். வாசலில் மகளின் தோழி ஒருத்தி நின்று 'நீங்க ஏழாம் நம்பர் மேஜைங்க' என்று கூட்டிப்போய் விட்டால் அதுவே மரியாதை. எண் கொடுப்பதும் எல்லோருக்கும் வேண்டாம். சம்பந்தி வீட்டில் நெருங்கிய உறவு, ரொம்ப நேரம் நிற்க முடியாத பெரியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். ஐந்தாறு மேஜைக்கு மேல் போகாது. பெரியவர்களின் மேஜை லைட் மியூசிக் ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கக் கூடாது, கழிவறைக்கு ரொம்பத் தூரமாகவும் இருக்கக் கூடாது. நிலத்தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் இருந்தால் நடுவே நாலு மேஜை விடுங்கள். இரண்டு மேஜையை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள், 'சூழ' வருகிறவர்களுக்காக.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதே நமக்குக் கூச்சம். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தபோதுதான் பல வீடுகளில் முதல்முறையாக ஆட்களை எண்ணினார்கள். இன்று வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று திரும்பி வரும். அது வருகிறேனா, வாழ்த்துகிறேனா என்று யாருக்கும் புரியாது. அதைவிட நல்ல பட்டியல் உங்கள் பீரோவிலேயே இருக்கும். கடைசியாக உங்கள் வீட்டில் நடந்த விசேஷத்தின் மொய் நோட்டு. யார் வந்தார்கள், எந்த ஊர், யார் ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஊருக்கு ஒருவரைப் பிடித்துப் போன் போட்டால் ஒரே நாளில் தலைக்கணக்கு வந்துவிடும்.

இப்போது உங்கள் பட்டியல். யாருக்கு முன், யாருக்குப் பின் என்று மத்திய அரசே ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. 1979 ஜூலை 26-இல் வெளியிட்டது, அவ்வப்போது திருத்தியிருக்கிறார்கள். குடியரசுத் தலைவரில் தொடங்கும். அதிலேயே, இது அரசு விழாக்களுக்கு மட்டும்தான், அன்றாட அலுவலுக்குப் பொருந்தாது என்று குறிப்பும் உண்டு. கம்பெனி ஜெனரல் மேனேஜர் அந்த வரிசையில் இல்லை.

சாப்பாட்டில் யார் எங்கே உட்காருவது என்பது இந்த மண்ணில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலப் பள்ளியில் பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் மற்றப் பிள்ளைகளோடு சேர்க்காமல் தனியாகச் சாப்பாடு போட்டது 1924-25-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி வரை போன சர்ச்சை. சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் இன்றைக்கும் கோயில்களில் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து விருந்து போடுகிறார்கள். நீங்கள் சாதி பார்க்கவில்லை, வேட்டி கட்டையும் செருப்பையும் பார்த்திருக்கிறீர்கள். கடைசி வரிசையில் போய் உட்காருகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் கணவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஜெனரல் மேனேஜர் எட்டரைக்கு வருவார், மேடையேறிப் பூங்கொத்துக் கொடுப்பார், 'இன்னொரு ஃபங்ஷன் இருக்கு' என்று சாப்பிடாமல் கிளம்பினாலும் கிளம்புவார். அவர் மேஜை அன்றிரவு முழுக்கக் காலியாக மினுக்கிக்கொண்டிருக்கும். கிராமத்து ஆட்கள் மதியமே பஸ் ஏறியிருப்பார்கள். ஆறரை என்றால் ஆறு மணிக்கே ஹாலில் இருப்பார்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாவது மொய் எழுதிவிட்டுத்தான் போவார்கள். மேடைக்கு முன்னால் முதல் மேஜையை அவர்களுக்குக் கொடுங்கள்.

மகளுக்கு அட்டை எழுத ரொம்ப ஆசை என்றால் அந்த ஒரு மேஜைக்கு மட்டும் பெயர் எழுதட்டும், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. பெயர்களைக் கணவரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். அந்தச் சாக்கிலாவது அவர் உங்களோடு பேசட்டும்.