பட்டும் சரிகையும்: செல்வத் தோற்றம் பற்றிச் சில கேள்விகள்

(காஞ்சிபுரம் பட்டு நெசவிலும் விற்பனையிலும் நெடுங்காலம் ஈடுபட்டுள்ள ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, மகள் திருமணத்தில் சம்பந்தி வீட்டார் முன் எங்கள் குடும்பம் வசதிக் குறைவாகத் தெரியக் கூடாது. அதற்கு விலை உயர்ந்த புடவைதான் வழியா?

பதில்: அப்படி இல்லை அம்மா. மண்டபத்தில் சற்றுத் தள்ளி நிற்பவருக்குத் தெரிவது கரையின் அகலம், புடவையின் உடலுக்கும் கரைக்கும் உள்ள நிற வேறுபாடு, கொசுவம் விழும் அழகு ஆகியவையே. விலையை ஏற்றுவதோ சரிகைக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளியும் தங்கமும். உடலையும் இருபக்கக் கரைகளையும் தனித்தனி நிற ஊடையில் (குறுக்கு நூலில்), அந்த நூலை ஓட்டும் மூன்று தறி நாடாக்களைக் கொண்டு நெய்து கோக்கும் கோர்வைப் புடவையில் சரிகை குறைவாக இருந்தாலும் கம்பீரம் குறையாது. அரக்கு உடலுக்குக் கரும்பச்சைக் கரை போதும். மாறாக, உடல் முழுவதும் போலிச் சரிகை பின்னிய புடவை ஒளிப்படக்காரரின் விளக்கு பட்டவுடன் தகடு போல மின்னி, மறைக்க நினைத்ததையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: அசல் சரிகையை எப்படிக் கண்டறிவது?

பதில்: அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கூட்டுறவுச் சங்கப் புடவைகளில் இன்றைய அளவு ஏறத்தாழ 40 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் தங்கம். முன்பு வெள்ளி 57 சதவீதமாக இருந்தது. சரிகையைச் சுரண்டினால் சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்பார்கள். ஆனால் செம்புக் கம்பிச் சரிகைக்கும் இப்போது சிவப்பு நூலையே உள்ளே வைக்கிறார்கள் என்பதால், அதை மட்டும் நம்பிப் பெருந்தொகை கொடுக்காதீர்கள். உலோக அளவைக் காட்டும் கருவி உள்ள இடத்தில் சோதித்து, அந்த அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள். பட்டு முத்திரை (‘சில்க் மார்க்’ சீட்டு) பட்டின் தூய்மைக்கு மட்டுமே உறுதி தரும். சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: பாட்டியின் பழைய பட்டை வீடு தேடி வந்து கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அவர்களுக்கு வேண்டியது புடவை அன்று, உருக்கி எடுக்கும் வெள்ளி. துணி இற்றுப்போயிருந்தால், நகைக்கடையில் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டறிந்த பின் பேரம் பேசுங்கள். உறுதியாக இருந்தால் கொடுக்காதீர்கள். மங்கிய பழஞ்சரிகையின் அடக்கமான பொன்னிறத்தைப் பரம்பரை வசதியின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இன்று பலர்.

கேள்வி: இரவல் பட்டு உடுத்தினால் மனம் கூசுகிறதே?

பதில்: அக்கா தங்கைக்குள் புடவை மாறுவது எல்லா வீட்டிலும் உண்டு, கூச்சம் வேண்டாம். புடவையை விட ரவிக்கையே இரவலைக் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சரிகை கறுக்காமல் வைப்பது எப்படி?

பதில்: வாசனைத் திரவியத்தைச் சரிகைமேல் தெளிக்காதீர்கள். நெகிழிப் பையைத் தவிர்த்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்; ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில்தான் முதலில் முறியும்.