ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

வணக்கம் ஐயா,

மகன் ஓ.எல். பாஸ். ஏ.எல்.லுக்கு டெக்னோலொஜிதான் எடுப்பேன் என்று நிற்கிறான். இவர் கொமர்ஸ் படிக்கச் சொல்கிறார். பள்ளியில் டெக்னோலொஜி, பின்னேரத்தில் எக்கவுண்டிங் டியூஷன் என்று விட்டால் இருவர் மனமும் நோகாது என நினைக்கிறேன். சரியா?
ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

சரியில்லை என்றுதான் சொல்வேன். வீட்டுச் சண்டை தீரும், பிள்ளையின் பின்னேரங்கள் போய்விடும். டெக்னோலொஜி பிரிவில் வரும் பொறியியல் தொழில்நுட்பப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் இருக்கிறது. கைப்பழக்கம் நேரம் கேட்கும்.

பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறையில் பார்த்தேன். பெயாரிங் ஏறுவதற்காக ஒரு பொடியன் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தான். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். மெசினை நிறுத்தி, துடைத்து, நுண்ணளவு பார்க்கும் வேணியரை வைத்துப் பார்த்தான். திரும்பவும் துடைத்து, திரும்பவும் பார்த்தான். "வெட்டினா ஒட்ட ஏலாது" என்றார் பக்கத்தில் நின்ற பாஸ். அந்த நிதானம் ஒரு நாளில் வந்ததாக இருக்காது. ஆறு மணி டியூஷனுக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் அது வராது.

இந்த அரைமனசு உங்கள் வீட்டோடு நிற்பதும் இல்லை. 1972 சீர்திருத்தத்தில் பாடசாலைகளுக்குத் தொழில்முன்னிலைப் பாடங்கள், அதாவது தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் பாடங்கள், வந்தன. 1977 ஆட்சி மாற்றத்தோடு கைவிட்டார்கள். தொடங்கியதை நிலைக்க விடவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவு வர 2013 ஆகிவிட்டது.

உங்கள் கணவர் பயப்படுவது மேற்படிப்பை நினைத்து என்றால், வழி அடைபடவில்லை என்று சொல்லுங்கள். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி தவறினாலும் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை இருக்கிறது. அதில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையில் தொழில்நுட்பத் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் உண்டு.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. தமிழ்ப் பிள்ளை ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனால், அங்கே பாடம் எந்த மொழியில் நடக்கிறது? விண்ணப்பம் நிரப்ப முன்னமே கேளுங்கள். சிங்களம் என்றால் இப்போதிருந்தே அவன் சிங்களத்தில் பேசிப் பழகட்டும். பின்னேரத்தில் ஒரு வகுப்புக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் அதற்கு அனுப்புங்கள், வீணாகாது.

டியூஷனுக்குக் காசு கட்ட முன், மகனையும் அவரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். தொழில்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெசினில் தூசி படிந்திருக்கிறதா, கடைசல் துருவல் கிடக்கிறதா என்று பாருங்கள். தூசிதான் என்றால் பாடத்தை மாற்ற வேண்டாம், பாடசாலையை மாற்றுங்கள்.