ஹலோங்கிறது யாரோட பேரு?

கேள்வி: போன் கண்டுபிடிச்ச கிரஹாம் பெல்லோட காதலி பேரு மார்கரெட் ஹலோ, முதல் போன்ல அவங்களத்தான் கூப்பிட்டாரு, அதனாலதான் நாம எல்லாரும் ஹலோ சொல்றோம்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கே, உண்மையா சார்? இல்லன்னா முதல்ல என்னதான் பேசினாரு?

பதில்: உண்மை இல்லைங்க. இத பாக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா பெல் காதலிச்சது யாரன்னு நல்லாவே தெரியும், மேபல் ஹப்பர்ட். 5 வயசுல வந்த காய்ச்சல்ல காது கேக்காம போனவங்க, பேச்சுப் பயிற்சிக்காக பெல்கிட்ட படிச்சவங்க, 1877 ஜூலைல ரெண்டு பேருக்கும் கல்யாணம். போன்ல கூப்பிட்டிருந்தாலும் அவங்களுக்குக் கேட்டிருக்காது. அப்படி ஒருத்தங்கள மறைச்சிட்டு இல்லாத ஒரு மார்கரெட்ட கொண்டுவந்து நிறுத்துறது நியாயமே இல்ல.

ஹலோ போனுக்கும் மூத்த வார்த்தை. 1820கள்லயே அமெரிக்காவுல அச்சுல வந்திருக்கு. ஹாலோ, ஹல்லோ, ஹுல்லோன்னு அதுக்கு அண்ணன் தம்பிங்க நிறைய, பழைய ஜெர்மன்ல அக்கரைல இருக்கற படகுக்காரர கூவிக் கூப்பிடுற சத்தத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு கருத்து இருக்கு. அப்பல்லாம் அது பெரும்பாலும் நம்ம "ஏய்", "ஓய்", இல்ல ஆச்சரியத்துல சொல்ற "அடடே" மாதிரிதான், வணக்கத்துக்கான வார்த்தையா இல்ல.

அத போனுக்குக் கொண்டுவந்ததுல பெரிய பங்கு எடிசனுக்கு. அப்ப போன் லைன் எந்நேரமும் திறந்தே கிடக்கும்னு நினைச்சாங்க, அந்தப் பக்கம் இருக்கறவர எப்படி கூப்பிடுறதுங்கிறது பெரிய பிரச்சினை. 1877 ஆகஸ்ட் 15 அன்னிக்கு பிட்ஸ்பர்க்ல இருந்த ஒரு டெலிகிராப் கம்பெனித் தலைவருக்கு எடிசன் எழுதின கடிதத்துல, மணியே வேண்டாம், ஹலோன்னு சொன்னா 10, 20 அடி தள்ளியே கேக்கும்னு சொல்றாரு. அடுத்த வருஷம் அமெரிக்காவுல நியூ ஹேவன்ங்கிற ஊர்ல, ஒரு போன் லைன இன்னொண்ணோட இணைச்சு விடுற எக்ஸ்சேஞ்ச் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு ஊரா எக்ஸ்சேஞ்ச் பெருகப் பெருக ஆபரேட்டர் பொண்ணுங்க வாயிலயும் இதே வார்த்தை, அவங்களுக்கு ஹலோ கேர்ள்ஸ்னே பேரு வந்துடுச்சு.

பெல்லுக்குப் பிடிச்சது கப்பல்காரங்க கூப்பிடுற "அஹாய்". ஆனா நீங்க கேட்ட அந்த முதல் பேச்சுல அதுவும் இல்ல, 1876 மார்ச் 10 அன்னிக்கு வேற ரூம்ல இருந்த உதவியாளர்கிட்ட அவர் சொன்னது, "மிஸ்டர் வாட்சன், இங்க வாங்க, உங்கள பாக்கணும்."